நுங்கம்பாக்கத்து விண்மீன்கள்: ஒளி மாசு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சிறிய தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. மேகம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சனிக்கோளின் வளையத்தையும் நிலாவின் பள்ளங்களையும் பார்க்க வருவார்கள், கூடவே பெற்றோரும் வருவார்கள். பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் சொல்லிவிடலாம். பெரியவர்கள் கேட்பது வேறு: "எங்கள் ஊரில் எவ்வளவு நட்சத்திரம் இருக்கும்! இங்கே ஏன் ஒன்றுமே இல்லை?" அந்தக் கேள்வியும் அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளும் இங்கே.

ஒளி மாசு என்று எதைச் சொல்கிறோம்?

தேவையில்லாத இடத்தில், தேவையில்லாத நேரத்தில், தேவைக்கு மேல் விழும் செயற்கை வெளிச்சத்தை. எதிர்வீட்டு விளக்கு உங்கள் படுக்கையறைச் சுவரில் விழுவதும், எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசிச் சாலையே தெரியாமல் போவதும் இதில் சேரும். ஊரின் மேல் கவிழ்த்த கிண்ணம்போல வெளிறிய ஒளி தேங்கி நிற்குமே, அதுவும் சேரும். விண்மீன்களை மறைப்பது முக்கியமாக அந்தக் கிண்ணம்தான். இரவில் சென்னையை நோக்கி வரும் பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தால், ஊர் வருவதற்கு வெகு முன்பே அடிவானத்தில் அதைப் பார்க்கலாம்.

வானம் உண்மையிலேயே மாறிவிட்டதா? சின்ன வயதில் பார்த்தது எல்லாமே பெரிதாகத் தெரியுமே!

வானம் மாறித்தான் இருக்கிறது. பெரிய ஆதாரத்துக்கு முன்பு, வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன ஆதாரம் ஒன்று.

நுங்கம்பாக்கத்து வானிலை ஆய்வு மைய வளாகத்தில் ஒரே கல்லாலான கருங்கல் தூண் நிற்கிறது. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே எழுப்பிய வானாய்வகத்தில், கருவி அசையாமல் இருப்பதற்காக நட்ட தூண் அது. 1861-இல் அங்கே அரசு வானியலராக வந்துசேர்ந்த நார்மன் போக்சன், அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசிய மண்ணிலிருந்து கண்டறிந்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர் வைத்தார். 1885 வரை இதே ஊரிலிருந்து மேலும் நான்கு சிறுகோள்களைக் கண்டார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்று அந்த வளாகத்தைச் சுற்றிக் கடைகளும் மேம்பாலமும் விளம்பரப் பலகைகளும் இருக்கின்றன. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் எண்ணி முடிக்க இரண்டு கை விரல்களுக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது.

இனி பெரிய ஆதாரம். 2016-இல் வெளியான உலக இரவு வான அட்லஸ், உலக மக்களில் 83 சதவீதம் பேர் ஒளி மாசுபட்ட வானத்தின் கீழ் வாழ்கிறார்கள் என்றும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குப் பால்வீதி தெரிவதே இல்லை என்றும் காட்டியது. முதலிடம் சிங்கப்பூருக்கு. அங்கே எந்த வீட்டிலிருந்து பார்த்தாலும் கண் முழுமையாக இருளுக்குப் பழக முடியாத அளவுக்கு வானம் வெளிச்சமாக இருக்கிறது. 2023-இல் வந்த ஆய்வு ஒன்று, 2011 முதல் 2022 வரை உலகெங்கும் 50,000-க்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் கண்ணால் பார்த்துப் பதிந்த தகவல்களைத் தொகுத்தது. வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடியிருந்தது. 250 விண்மீன்கள் தெரியும் இடத்தில் பிறந்த குழந்தை, 18 வயதில் அதே இடத்தில் 100-தான் பார்க்கும் என்பது அந்த வேகத்துக்கான கணக்கு.

நகரத்தில் எத்தனை விண்மீன்கள் குறைகின்றன?

விண்மீனின் பிரகாசத்தைப் 'பொலிவெண்' என்று குறிப்பார்கள். எண் கூடக் கூட மங்கல். ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு. இந்த அளவுகோலை 1856-இல் இப்படி வரையறுத்தவர், மேலே சொன்ன அதே போக்சன்தான். நாம் இழந்ததை அளக்க, நம் ஊரில் வாழ்ந்தவரின் கோலையே எடுத்துக்கொள்கிறோம்.

நல்ல இருட்டில் நல்ல கண்ணுக்கு 6.5 வரை தெரியும். அவ்வளவு பிரகாசமுள்ள விண்மீன்கள் முழு வானத்திலும் சேர்த்துச் சுமார் 9,000. அடிவானத்துக்குக் கீழே இருப்பவற்றையும் அடிவானத்தை ஒட்டி மங்குபவற்றையும் கழித்தால், ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் பார்க்கலாம். எல்லை 4-க்கு இறங்கினால் முழு வானத்துக்கும் ஏறத்தாழ 500. நகரின் நடுவில் எல்லை 3-ஐ ஒட்டித்தான் நிற்கும். எண் பாதியாகும்போது விண்மீன்களும் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். வானத்தில் மங்கலானவைதான் மிகுதி, அதனால் இழப்பு பல மடங்கு.

அம்மி மிதித்து அருந்ததி பார்த்தோமே, அது இப்போது தெரியுமா?

உண்மையைச் சொன்னால், பெரும்பாலான கல்யாணங்களில் அருந்ததி தெரிவதற்கு வழியே இல்லை. முகூர்த்தம் காலை ஒன்பது மணிக்கு. சூரியனைவிடப் பெரிய ஒளி மாசு ஏது?

இரவில் பார்ப்பதாக வைத்துக்கொண்டாலும் சிக்கல்தான். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவிலிருப்பவர் வசிட்டர், பொலிவெண் 2.2. அவரை ஒட்டியிருக்கும் அருந்ததி 4.0. சங்கப் பாட்டில் 'வடமீன்' என்று வருவது இவள்தான். ஏப்ரல், மே மாதங்களில் முன்னிரவில் வடக்கே பார்த்தால் எங்கள் மாடியிலிருந்து வசிட்டர் தெரிவார், அருந்ததி தெரிய மாட்டாள். சாதாரண பைனாகுலரை எடுத்தால் உடனே பக்கத்தில் வந்துவிடுவாள்.

கீழே எரியும் விளக்கு மேலே இருக்கும் விண்மீனை எப்படி மறைக்கும்?

விண்மீனின் ஒளி குறைவதில்லை, பின்னணி வெளுத்துப்போகிறது. வெள்ளைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதியது போல.

மேல்நோக்கிப் போகும் வெளிச்சம் காற்றின் மூலக்கூறுகளிலும் தூசியிலும் ஈரத்துளிகளிலும் பட்டுச் சிதறி, ஒரு பகுதி நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. அதிகம் கெடுப்பது நேராக மேலே போவதல்ல, அடிவானத்தை ஒட்டிப் படுக்கையாகப் போகும் ஒளி. அது காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் பயணம் செய்கிறது, வழியெல்லாம் சிதறுகிறது. சாலைக்காக ஏற்றிய விளக்கிலிருந்து சாலையில் விழாமல் தப்பிய வெளிச்சம்தான் ஐம்பது கிலோமீட்டர் தாண்டியும் ஒரு கிராமத்தின் அடிவானத்தை வெளுக்கிறது. தெருவில் பயன்படும் வெளிச்சத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. என் வழக்கெல்லாம் குறி தவறிய வெளிச்சத்தின் மேல்தான்.

எல்இடி வந்த பிறகு நிலைமை தேறியதா, மோசமானதா?

மின்கட்டணம் தேறியது. வானத்தின் பங்குக்குப் பெரும்பாலும் நஷ்டம்.

பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் நீலம் மிகக் குறைவு. அதற்குப் பதிலாக வந்த வெள்ளை எல்இடி நீலத்தில் செழிப்பானது. பகல் வானம் நீலமாக இருப்பதற்கு எது காரணமோ அதுவே இங்கும் வேலை செய்கிறது: அலைநீளம் குறையக் குறையச் சிதறல் ஏறும். 450 நானோமீட்டர் நீலம், 600 நானோமீட்டர் ஆரஞ்சைவிட மூன்று மடங்குக்கு மேல் சிதறும். 2015-இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் மட்டும் நாடு முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்ட எல்இடி தெருவிளக்குகள் பொருத்தப்பட்டன. விளக்கு மலிவானதும் நாமும் கூடுதலாகப் போடுகிறோம்: மதில்மேல் நாலு, மாடிப்படியில் இரண்டு, மாமரத்துக்குக் கீழே பச்சையில் ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், இரவு வெளிச்சத்தை அளக்கும் முக்கியமான செயற்கைக்கோள் கருவிக்கு 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நீலம் தெரியாது. சோடியத்திலிருந்து எல்இடிக்கு மாறிய ஊர், வரைபடத்தில் இருண்டதுபோலக்கூடக் காட்டும்.

எல்இடிக்கு ஒரு பெரிய நன்மையும் உண்டு. மங்கவைக்கலாம், நொடியில் அணைத்து ஏற்றலாம், வேண்டிய இடத்துக்கு மட்டும் திருப்பலாம். சோடியத்தில் இதெல்லாம் எளிதல்ல. அந்த வசதியை நாம் தொடுவதே இல்லை என்பதுதான் வருத்தம்.

வெளிச்சம் குறைந்தால் திருட்டும் விபத்தும் கூடாதா? பெண்கள் எப்படி நடமாடுவது?

நியாயமான பயம். ஆய்வுகள் ஒரே பக்கம் பேசவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 62 உள்ளாட்சிகளின் தரவுகளை அலசிய 2015-ஆம் ஆண்டு ஆய்வு, தெருவிளக்கை நள்ளிரவுக்குப் பின் அணைத்த இடங்களிலும் மங்கவைத்த இடங்களிலும் விபத்தோ குற்றமோ கூடியதற்கு ஆதாரம் இல்லை என்றது. 2016-இல் நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளில் புதிதாக விளக்குக் கோபுரங்கள் நிறுத்திய சோதனையிலோ, வெளியிடங்களில் இரவு நேரக் கடுங்குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. ஆகவே "விளக்கால் பயனே இல்லை" என்று வாதாடுகிறவர்களோடு நான் இல்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணுக்கு வெளிச்சம் வேண்டும்.

ஆனால் எந்த வெளிச்சம்? கண்ணில் நேரே அடிக்கும் ஃபோகஸ் லைட்டின் கீழே போய் நின்று பாருங்கள். கண்ணின் பாவை சுருங்கிவிடும், விளக்குக்குப் பின்னால் இருக்கும் சந்து கன்னங்கரேலென்று ஆகிவிடும். அங்கே ஆள் நின்றால் தெரியாது. அதே விளக்கைத் தரையைப் பார்த்துத் திருப்பிவிட்டால், பாதி வாட்டிலேயே முகமும் தெரியும் சந்தும் தெரியும்.

ஆமைக்குஞ்சுகளுக்கும் விளக்குக்கும் என்ன தொடர்பு?

சென்னைக் கடற்கரைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வரும் ஆமையைப் பங்குனி ஆமை என்கிறோம். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், பெரும்பாலும் இரவில். அவற்றுக்குத் தெரிந்த விதி ஒன்றே ஒன்று: வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடு. காலங்காலமாக அது கடலாகத்தான் இருந்தது. நிலாவையும் விண்மீனையும் நீர் பிரதிபலிக்கும், கரைப்பக்கம் மணல்மேடும் புதரும் இருண்டு கிடக்கும்.

இன்று கரைப்பக்கம் உயர்கோபுர விளக்கு நிற்கிறது. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையை நோக்கித் துடுப்புப் போடுவதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தடம் கோணல்மாணலாக இருக்காது, நேராகவே இருக்கும். அதற்குச் சந்தேகமே இல்லை, விளக்குதான் கடல் என்று நம்பிவிட்டது. விடிந்தால் நாயும் காக்கையும் வெயிலும்.

இந்தக் காரணத்தால்தான் 1988 முதல் சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளை எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளை நீரோரம் கொண்டுபோய் விடுகிறார்கள். விளக்கை அணைத்திருந்தால் இந்த உழைப்பில் ஒரு பகுதி மிச்சமாகியிருக்கும். அணைக்கவே முடியாத இடத்தில், சிவப்பை ஒட்டிய ஆம்பர் நிற விளக்கு ஆமைகளை அவ்வளவாக ஈர்ப்பதில்லை.

மின்மினி காணாமல் போனதும் இதனால்தானா?

ஒரு காரணம் இது, பூச்சிமருந்தும் நில மாற்றமும் மற்றவை. மின்மினியின் ஒளி அலங்காரமல்ல, துணை தேடும் பேச்சு. பக்கத்தில் தெருவிளக்கு எரிந்தால் ஆணின் சமிக்ஞை பெண்ணுக்குக் கேட்காது, அதாவது தெரியாது. ஆனைமலைக் காட்டில் கோடை மழைக்கு முன்னும் பின்னும் மரம் மரமாக ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகள் இன்னும் இருக்கின்றன. அங்கே இருட்டும் இருக்கிறது.

உடல்நலத்துக்குக் கேடா?

நம் விழித்திரையில் பார்வைக்கென்றில்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே செல்கள் இருக்கின்றன. 480 நானோமீட்டர் அருகிலுள்ள நீல ஒளிக்கு அவை அதிகம் இணங்கும். இரவில் அந்த ஒளி பட்டால், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு குறையும், தூக்கம் தள்ளிப்போகும். இவ்வளவு உறுதி. இதற்கு மேல் வாட்ஸ்அப்பில் வரும் நோய்ப் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். அதோடு, தெருவிளக்கைக் குறை சொல்லிக்கொண்டே கட்டிலில் படுத்துக் கைப்பேசி பார்ப்பவர் முதலில் கைப்பேசியை வைக்கட்டும்.

காவலூர் தொலைநோக்கிக்கும் இந்தச் சிக்கல் உண்டா?

உண்டு. சவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரில் 1960-களின் இறுதியில் வானாய்வு தொடங்கியது. இருட்டும் தெளிந்த இரவுகளும் தேடித்தான் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். 1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது வளையங்களைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-இல் அங்கே கண்டறிந்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். 1986-இல் திறந்த வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டம் உடையது. இப்போது சுற்றிலும் வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் என்று ஊர்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஆடியின் விட்டம் எவ்வளவு பெரிதானாலும், பின்னணி வெளுத்தால் மங்கலான பொருள்கள் கைநழுவும்.

இந்தியாவில் இருட்டைப் பாதுகாத்த இடம் எதுவும் இல்லையா?

லடாக்கில் ஹான்லே. 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானாய்வகம் இருக்கும் அந்தப் பகுதி 2022-இல் நாட்டின் முதல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராமத்தார் ஜன்னலுக்குக் கனத்த திரை போடுகிறார்கள், விளக்குக்கு மூடி மாட்டுகிறார்கள். அவர்களில் சிலருக்குத் தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சியும் கொடுத்ததில், வந்து தங்குகிறவர்களுக்கு வானம் காட்டுவதே வருமானமாகிவிட்டது. எனக்கு அதில் பிடித்தது இந்தப் பகுதிதான். இருட்டுக்குக் காவல் இருப்பவருக்கு இருட்டே சோறு போடுகிறது. 2024 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் இருள்வானப் பூங்காவாகச் சான்று பெற்றது.

சட்டம் ஏதாவது இருக்கிறதா?

இந்தியாவில் ஒளி மாசுக்கென்று தனிச் சட்டம் இல்லை. வெளியே உண்டு. அமெரிக்காவின் பிளாக்ஸ்டாப் நகரம் 1958-இலேயே விளம்பரத் தேடுவிளக்குகளுக்குத் தடை போட்டது, காரணம் பக்கத்துக் குன்றில் இருந்த வானாய்வகம். ஸ்பெயினின் லா பால்மா தீவுக்கு 1988 முதல் வானச் சட்டம். பிரான்சில் 2013 முதல் கடைக் கண்ணாடிக்குள் எரியும் விளக்கை இரவு ஒரு மணிக்குள் அணைக்க வேண்டும்.

கோயில் திருவிழா விளக்கையும் நிறுத்தச் சொல்வீர்களா?

மாட்டேன். பத்து நாள் சீரியல் லைட்டால் வானம் பாழாவதில்லை. ஆண்டு முழுவதும், ஆளே இல்லாத நள்ளிரவிலும் எரியும் விளம்பரப் பலகையும், கீழிருந்து மேலாகக் கட்டடத்தின் மேல் அடிக்கும் விளக்கும்தான் என் பட்டியலில் முதலில் வரும்.

என் வீட்டளவில் என்ன செய்யலாம்?

பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் போட்டிருக்கும்; எண் குறையக் குறைய மஞ்சள். நம் கடைகளில் கேட்காமலே கொடுப்பது 6500 கெல்வின், நீலம் மிகுந்த வெள்ளை. வெளி விளக்குக்கு 2700 அல்லது அதற்கும் கீழே கேளுங்கள், 'வார்ம் ஒயிட்' என்று போட்டிருக்கும். மேலே மூடி உள்ள விளக்காக மாட்டுங்கள். ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் எரியும் சென்சார் வைத்தால் இன்னும் நல்லது.

தெருவிளக்கு விஷயத்தில் என் அனுபவம் இது. எங்கள் வீட்டெதிரே இருந்த சோடியம் விளக்கை எடுத்துவிட்டு எல்இடி போட்டார்கள். மொட்டை மாடியில் நின்று செய்தித்தாள் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம். இரண்டு முறை புகார் எழுதியும் பதில் இல்லை. நேரில் போய் நின்றபோது, வேறு வேலைக்கு வந்த ஊழியர் ஒருவர் கூடவே வந்து பார்த்தார். "விளக்கு எரியவில்லை என்றுதான் எல்லோரும் வருவார்கள். அதிகமாக எரிகிறது என்று வந்தவர் நீங்கள் ஒருவர்தான், சார்" என்றார். விளக்கின் கை வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. ஏணி சாத்தி ஏறினார், ஒரு போல்ட்டைத் தளர்த்தினார், விளக்கைத் தரைக்கு நேராகப் படுக்கவைத்து இறுக்கினார். ஐந்து நிமிட வேலை. தெருவில் வெளிச்சம் முன்பைவிடக் கூடியதாக எதிர்வீட்டு அம்மா சொன்னார்.

செயற்கைக்கோள்களும் வானத்தைக் கெடுக்கின்றனவாமே?

2019-இலிருந்து ஆயிரக்கணக்கில் ஏவப்படும் இணையச் செயற்கைக்கோள்கள் வானியலர்களின் படங்களில் கோடு கிழிக்கின்றன. அது தனிக் கதை. தெருவிளக்கைப் போல ஏணி சாத்தித் திருப்ப முடியாது.

என் ஊர் வானம் எவ்வளவு நல்லது என்று நானே அளக்கலாமா?

கார்த்திகையை எண்ணுங்கள். பழந்தமிழில் 'அறுமீன்' என்று பெயர். ஆறாவது விண்மீனின் பொலிவெண் 4.3, ஆகவே ஆறும் தெரிந்தால் உங்கள் வானம் அந்த அளவுக்கு இருக்கிறது என்று பொருள். கார்த்திகைத் தீபத்தன்று முயல வேண்டாம், முழுநிலா அதற்குப் பக்கத்திலேயே நிற்கும், மழை மேகமும் சேர்ந்துகொள்ளும். ஜனவரி, பிப்ரவரி அமாவாசையை ஒட்டிய முன்னிரவுகள் நல்லவை. கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு இருபது நிமிடம் இருட்டில் உட்காருங்கள், கண் பழக அவ்வளவு நேரம் ஆகும். பிறகு நேராக உற்றுப் பார்க்காமல் சற்றே பக்கவாட்டில் பார்த்து எண்ணுங்கள். தேதி, நேரம், இடம், எண்ணிக்கை நான்கையும் ஒரு நோட்டில் குறியுங்கள்.

என் நோட்டில் எங்கள் மாடியின் கணக்கு மூன்று என்றே பல ஆண்டுகளாக இருந்தது. விளக்கைப் படுக்கவைத்த பிறகு வந்த ஜனவரியில் நான்கு. வானம் இருண்டுவிடவில்லை, கண் கூசுவது நின்றது, அவ்வளவுதான். அந்த நான்காவதை முதலில் பார்த்தது மூன்றாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுச் சிறுமி. எனக்கு அது தெரிய இன்னும் பத்து நிமிடம் ஆனது.